தறிகெட்ட துடிப்பும் வலிப்பு மருந்தும்

நேயர்களுக்கு வணக்கம். நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் அரளியை நடுவதற்கு ஒரு காரணம், ஆடு மாடுகள் அதைக் கடிப்பதில்லை என்பது. அதிலுள்ள கிளைக்கோசைடுகள் இதயத்தைத் தாக்கும் நஞ்சுகள். ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் தடவிய ஊபெய்னும், இதய நோயாளிகளுக்குத் தரப்படும் டிகாக்சினும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. இந்த நஞ்சால் தறிகெடும் துடிப்பை ஃபெனிடாயின் என்னும் வலிப்பு மருந்து சீராக்குமா என்று விலங்குகளிடம் எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதே இன்றைய பேச்சு.

மயக்க மருந்து கொடுத்த கினிப்பன்றியின் சிரைக்குள் ஊபெய்னைச் சிறுகச் சிறுகச் செலுத்தும்போது, இசிஜி தாளில் சீராக ஓடிக்கொண்டிருந்த கோட்டின் நடுவே அகன்ற துடிப்பு ஒன்று முறை தவறித் தலைகாட்டும். பிறகு அத்தகைய துடிப்புகள் அடுக்கடுக்காக வரும். கடைசியில் இதயத்தின் கீழறைகள் இரத்தத்தைத் தள்ள மாட்டாமல் வெறுமனே நடுங்கும். செல்லிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் பம்பை ஊபெய்ன் முடக்கிவிடுவதால் உள்ளே சோடியம் தேங்குகிறது. அதைத் தொடர்ந்து கால்சியமும் மிகுந்து, வேளை வருமுன்பே தசையைத் தூண்டிவிடுகிறது. எலி இந்தச் சோதனைக்கு உதவாது. அதன் இதயப் பம்ப் ஊபெய்னுக்கு எளிதில் மசிவதில்லை.

1938 முதல் வலிப்பு நோய்க்குத் தரப்பட்டுவந்த ஃபெனிடாயின், 1950களில் நாய்களிடம் இத்தகைய துடிப்புக் கோளாறுகளை அடக்குவதாகத் தெரியவந்தது. சோடியம் நுழையும் வாயில்களை அது ஓரளவு அடைப்பதால் வேளை கெட்ட தூண்டல் வலுவிழக்கிறது. முன்கூட்டியே இம்மருந்தைக் கொடுத்தபின் கோளாறு தோன்ற எவ்வளவு ஊபெய்ன் தேவைப்படுகிறது என்று அளப்பது ஒரு முறை. கோளாறு தோன்றிய பிறகு கொடுத்து, துடிப்பு எப்போது சீராகிறது என்று பார்ப்பது மற்றொன்று. ஒன்றின் முடிவை மற்றொன்றின் இடத்தில் வைத்துப் பேசக் கூடாது.

இங்கே ஒரு வில்லங்கமும் உண்டு. ஃபெனிடாயின் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஊசி மருந்தில் அதைக் கரைத்துவைக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் தானே இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், இதயத் துடிப்பையும் பாதிக்கும். ஆகவே கரைப்பானை மட்டும் பெற்ற விலங்குகளின் பதிவு இல்லாத ஆய்வை நான் நம்புவதில்லை.

ஃபெனிடாயின் துடிப்பைச் சீராக்கிய பின்னும் ஊபெய்ன் பம்பை விட்டு நீங்குவதில்லை. நஞ்சையே பற்றி இழுக்கும் எதிர்ப்பொருள் நாய்களிடம் டிகாக்சின் நச்சை முறித்ததாக 1971இல் ஆய்வு வெளிவந்தது. செம்மறியாடுகளிடமிருந்து எடுக்கப்படும் அந்த எதிர்ப்பொருளுக்கே இன்று மருத்துவமனைகளில் முதலிடம். அது கைக்கு எட்டாத இடங்களில்தான் ஃபெனிடாயினை நாடுகிறார்கள்.