சாக்ஸபோன் பாட்டுக்குள் கதை எப்படி நுழைகிறது?

[காட்சி: இருண்ட அறை. சாக்ஸபோனின் வாய்ப்பகுதி மட்டும் வெளிச்சத்தில். மூன்று சுரம், ஒரு மூச்சு, நான்கு சுரம்.]

வணக்கம். இப்போது நீங்கள் கேட்டது என் இசைத்தொகுப்பில் இரண்டாவதாக வரும் பாட்டு. மூன்று சுரம் ஏறும், ஒரு மூச்சுக்கு நிற்கும், பிறகு நான்கு சுரம் ஏறும். கேட்டவர்களில் பலர் என்னிடம் விசாரிப்பது ஒன்றுதான்: 'இது எதைப் பற்றிய பாட்டு?' வாய்ப்பாட்டுக்காரரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. வரிகளே சொல்லிவிடும். சாக்ஸபோனுக்கு வரி கிடையாது, மூச்சு மட்டும்தான் உண்டு.

சொல்லிவிடுகிறேன். இது என் அப்பாவின் முழங்காலைப் பற்றிய பாட்டு.

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மாலையில் நான் சாதகத்துக்கு உட்காரும் நேரமும் அப்பா வேலை முடிந்து படியேறும் நேரமும் ஒன்று. கதவுக்கு இந்தப் பக்கம் நான் ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் அவருடைய செருப்புச் சத்தம் கேட்கும். மூன்று படி. பிறகு இரும்புக் கைப்பிடியில் அவருடைய மோதிரம் 'டிங்' என்று ஒருமுறை தட்டும். நின்றுவிட்டார் என்று அர்த்தம். பிறகு நான்கு படி. மறுபடி மோதிரம். ஒரு மாடிக்குப் பதினான்கு படிகள், ஏழும் ஏழுமாக. தாளச் சொற்கட்டில் சொன்னால், தகிட, தகதிமி.

[காட்சி: படிக்கட்டு. ஆள் தெரியவில்லை. கைப்பிடியில் ஒரு கை.]

இதை நான் பல மாதங்கள் கேட்டிருக்கிறேன், கவனித்ததில்லை. ஒருநாள் வாசித்துக்கொண்டிருந்த பயிற்சி தானாகவே அந்த நடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் நின்ற இடத்தில் நானும் மூச்சு எடுத்திருக்கிறேன். அன்று இரவே மெட்டின் முதல் பாதி வந்துவிட்டது.

ஒலிப்பதிவில்தான் சிக்கல். அப்பா நிற்கும் நேரம் ஒரு கணக்கில் அடங்காது. சில நாள் சட்டென்று ஏறிவிடுவார், சில நாள் நன்றாக இளைப்பாறிவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைப்பார். டிரம்ஸ் கலைஞர் முதலில் அந்த இடைவெளிக்கு ஒரு தட்டு ஒதுக்கினார். மூன்று, ஒன்று, நான்கு. கூட்டினால் எட்டு. வாசித்துப் பார்த்தோம். அணிவகுப்பு இசை போல விறைப்பாக நின்றது, அதற்குள் அப்பா இல்லவே இல்லை. அதன் பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டோம். டிரம்ஸ் கலைஞர் என் தோளைப் பார்த்து வாசித்தார். மூச்சு இழுக்கும்போது தோள் லேசாக உயரும், வாசிக்கத் தொடங்கும் கணத்தில் இறங்கும். அந்த இறக்கம்தான் அவருக்குச் சைகை. இடைவெளியில் டிரம்ஸின் உலோகத் தகடான சிம்பலின் நடுமேட்டைக் குச்சி நுனியால் ஒரே ஒருமுறை தொடுவார். அது மோதிரம்.

இந்த வீடியோவில் நான் விளக்க நினைப்பதும் இதைத்தான். சாக்ஸபோன் பாட்டின் கதையை அதன் தலைப்பில் தேடினால் கிடைக்காது. மெட்டு எப்படி நடக்கிறது, எங்கே நிற்கிறது, எங்கே மூச்சு எடுக்கிறது என்பதில்தான் தேட வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தோல்வியில். முன்பு ஒரு பாட்டுக்கு 'மழை' என்று பெயர் வைத்தேன். மழை எனக்கு உயிர். மனம் முழுக்க மழையை நினைத்துக்கொண்டு வாசித்தேன், மெட்டும் கெட்டுப்போகவில்லை. ஆனால் பெயரைச் சொல்லாமல் போட்டுக் காட்டியபோது ஒருவர்கூட மழையைக் கேட்கவில்லை. தவறு அவர்களுடையது அல்ல. மழையின் எந்தத் துளியையும் நான் மெட்டுக்குள் கொண்டுவரவில்லை. ஓட்டிலிருந்து சொட்டும் நீரின் இடைவெளியையாவது அளந்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. என் ஆசையை மட்டும் தலைப்பில் ஒட்டி வைத்திருந்தேன்.

[காட்சி: வெள்ளைச் சட்டத்துக்குள் ஒரு வெற்று ஓவியத் திரை.]

இப்போது பெரியவர்களிடம் போவோம். ஆர்னெட் கோல்மன், அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர். 1959இல் அவர் பதிவு செய்த 'லோன்லி வுமன்' (தனிமையில் இருக்கும் பெண்) எங்கிருந்து வந்தது என்பதை அவரே பின்னாளில் ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். பெயர் பெறுவதற்கு முன்பு ஒரு பெரிய பல்பொருள் அங்காடியில் வேலை பார்த்துவந்தார். ஒருநாள் மதிய உணவு இடைவேளையில் ஓர் ஓவியக்கூடத்துக்குள் போனார். அங்கே ஒரு செல்வச் சீமாட்டியின் ஓவியம். ஆசைப்படக்கூடிய எல்லாம் அவளிடம் இருக்கிறது, முகத்தில் மட்டும் அப்படி ஒரு தனிமை. அன்று வீட்டுக்குத் திரும்பியதும் இந்த மெட்டை எழுதினார்.

கதை இவ்வளவுதான். ஆனால் பதிவைக் கேட்டுப் பாருங்கள். பில்லி ஹிக்கின்ஸின் டிரம்ஸ் அவசரமாக ஓடுகிறது. சார்லி ஹேடனின் பேஸ் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. இவற்றுக்கு மேலே கோல்மனின் ஆல்ட்டோ சாக்ஸபோனும் டான் செர்ரியின் கார்னெட் என்ற சிறிய டிரம்பெட் போன்ற ஊதுகருவியும் மெட்டை மெல்ல, மிக மெல்ல இழுத்துச் செல்கின்றன. கீழே ஓடும் வேகம் அவற்றின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. சுற்றிலும் பரபரப்பு, நடுவில் யாரோடும் சேராத ஒரு குரல். கோல்மன் இப்படித் திட்டமிட்டார் என்று நான் சாதிக்கவில்லை, என் காதுக்கு அந்த ஓவியம் இந்த வேக வித்தியாசத்தில்தான் தெரிகிறது. தலைப்பை மறைத்துவிட்டாலும் அந்தத் தனிமை போகாது.

இன்னொரு அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1964 டிசம்பர் 9 அன்று பதிவான 'எ லவ் சுப்ரீம்' நான்கு பகுதிகள் கொண்டது. கடைசிப் பகுதிக்குப் பெயர் 'சாம்'. சங்கீதம், அதாவது துதிப்பாடல் என்று பொருள். இறைவனுக்கு நன்றி சொல்லி அவரே எழுதிய கவிதை இசைத்தட்டின் உறையில் அச்சாகியிருக்கிறது. அந்தப் பகுதியில் அவருடைய டெனர் சாக்ஸபோன் வாசிப்பது அந்தக் கவிதையைத்தான், ஏறக்குறைய அசைக்கு அசை. தாளம் கிடையாது, அடியில் டிம்பனி என்ற பெரிய முரசு இடி போல உருளும். 'நன்றி, இறைவா' என்று பொருள்படும் வரி கவிதையில் திரும்பத் திரும்ப வரும். அந்த இடங்களில் மெட்டும் கீழிறங்கி ஆதார சுரத்தில் வந்து அமரும், வணங்குகிறவர் தலை தாழ்வது போல.

ஒரு குழாயால் சொல்லை எப்படி வாசிக்க முடியும்?

[காட்சி: வாய்ப்பகுதி மிக அருகில். அதில் பொருத்திய மெல்லிய நாணல் தகடான ரீடின் நுனி. நாக்கு தொட்டு விலகுகிறது.]

இங்கே பாருங்கள். நாக்கின் நுனி ரீடைத் தொட்டால் அதன் அதிர்வு நிற்கும், விலகினால் ஒலி பிறக்கும். அழுத்தி விலக்கினால் 'த', மென்மையாக விலக்கினால் 'ந' போல விழும். நாக்கைத் தொடாமல் விரலை மட்டும் மாற்றினால் சுரங்கள் ஒன்றோடொன்று வழுக்கிச் சேரும், ஓர் அசையை நீட்டிப் பாடுவது போல. வாக்கியம் முடியும் இடத்தில் மூச்சு. இவற்றோடு பேச்சின் ஏற்ற இறக்கமும் சேர்ந்துவிட்டால், உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் இல்லாமலே ஒரு வரி நம் காதில் வரியாகவே விழும். உறையிலுள்ள கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். நான் முதன்முறை அப்படிக் கேட்டபோது பாதியிலேயே கண் கலங்கிவிட்டது.

அதே கோல்ட்ரேன் 1963இல் 'அலபாமா'வைப் பதிவு செய்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள பர்மிங்காமில் ஒரு தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். நவம்பரில் இந்தப் பாட்டு. அதைப் பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை. போய்க் கேளுங்கள்.

சொந்த மெட்டு என்றால் எல்லாமே சொந்தமாக இருக்க வேண்டுமா என்று மாணவர்கள் கேட்பார்கள். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சோனி ரோலின்ஸின் 'செயின்ட் தாமஸ்' 1956இல் பதிவானது. அதற்கு மூலம் கரீபியன் தீவுகளில் வழங்கிவந்த பழைய மெட்டு. அவருடைய தாய் அந்தத் தீவுகளைச் சேர்ந்தவர், சிறுவயதில் வீட்டில் கேட்டது மகனுக்குள் தங்கிவிட்டது. பிறரிடமிருந்து வந்த மெட்டும் தன் மூச்சில் ஓடினால் தன்னுடையதாகிவிடும் என்று நான் நம்புகிறேன். அது எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் மறைக்கக் கூடாது.

[காட்சி: ஸ்டுடியோ. ஒலிவாங்கியின் முன் சாக்ஸபோன்.]

இப்போது அப்பாவின் பாட்டுக்குத் திரும்புகிறேன். மொத்தம் ஐந்து டேக் எடுத்தோம். நான்காவதில் ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. தொகுப்பில் இருப்பது ஐந்தாவது. அதில் இரண்டாம் மாடியின் கடைசி நான்கு சுரங்களில் ஒன்று லேசாகத் தட்டுத்தடுமாறும். வேண்டுமென்று செய்ததல்ல, மூச்சு போதவில்லை. வீட்டில் போட்டுக் காட்டியபோது அப்பா பாட்டு முழுவதும் பேசாமல் இருந்தார். அந்தச் சுரம் வந்தபோது மட்டும் அவருடைய கை முழங்காலுக்குப் போனது. இது எதைப் பற்றிய பாட்டு என்று அதுவரை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

முழுப் பாட்டும் இதோ. முதலில் வருவது அவருடைய செருப்பு. சிம்பல் தொடும் இடத்தில் அவரோடு சேர்ந்து நீங்களும் கொஞ்சம் நின்றுகொள்ளுங்கள்.

[ஒலி: தகிட. சிம்பல். மூச்சு. தகதிமி.]