எடைக்கு நிற்காத திமிங்கிலம்

நேயர்களுக்கு வணக்கம். பெரு நாட்டின் தெற்கே இக்கா என்று ஒரு பாலைவனம் இருக்கிறது. இன்றைக்கு மணலும் காற்றும்தான், ஆனால் சுமார் 3 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் திரிந்த பெருசீட்டஸ் என்ற திமிங்கிலத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கண்டுபிடித்தவர் மாரியோ உர்பினா, லிமா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காரர். பல பத்தாண்டுகளாக அந்தப் பாலைவனத்தில் அலைந்தவர். எனக்கு இந்த மனிதர் மேல் தனிப் பிரியம், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான சரிவு, கெட்டியான பாறை, அதில் உருண்டை உருண்டையாகத் துருத்திக்கொண்டு நின்றதைப் பார்த்து இவர் எலும்பு என்றார். சக ஆய்வாளர்கள் பாறை என்றார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. ஒரு முள்ளெலும்பே 100 கிலோவுக்கு மேல், 25 கிலோ அரிசி மூட்டை நான்கை ஒன்றாகக் கட்டிய பாரம், அதை யார்தான் எலும்பு என்பார்கள்? மனிதர் விடவில்லை. தோண்டி எடுத்து லிமா கொண்டுவந்து சேர்க்கவே ஆண்டுக்கணக்கில் ஆனது. கடைசியில் 2023 ஆகஸ்டில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது.

சரி, கிடைத்தது என்ன? 13 முள்ளெலும்பு, 4 விலா எலும்பு, இடுப்பெலும்பில் ஒரு பகுதி. அவ்வளவுதான். தலை இல்லை, ஒரு பல்கூட இல்லை.

இதை வைத்து நீளம் 17 முதல் 20 மீட்டர், எடை 85 முதல் 340 டன் என்று கணக்குப் போட்டார்கள். 85 எங்கே, 340 எங்கே! செய்திகளில் பெரும்பாலும் அந்த 340தான் ஓடியது, நீலத் திமிங்கிலத்தையே மிஞ்சிவிட்டது என்று. எனக்கு எரிச்சல் அதில்தான். ஆய்வாளர்கள் ஒரு வீச்சைச் சொன்னார்கள், நாம் அதன் ஒரு நுனியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

எலும்புக்கூட்டின் எடை மட்டும் 5 டன்னுக்கு மேல் வரும் என்று மதிப்பிட்டார்கள். அப்புறம், எலும்பு இவ்வளவு என்றால் உடம்பு எவ்வளவு? அந்த விகிதத்தை இன்று உயிரோடிருக்கும் கடல் பாலூட்டிகளிடமிருந்துதான் எடுக்க வேண்டும், கடற்பசுவையும் சேர்த்து. நம் பாக் நீரிணையில் மேய்கிற ஆவுளியாவேதான். அதன் எலும்பும் தடித்துக் கெட்டியாக இருக்கும். ஆழமில்லாத தண்ணீரில், காற்று நிறைந்த நுரையீரல் உடம்பை மேலே தூக்கும்போது, எலும்பின் பாரம் கீழே இருத்திவைக்கும். பெருசீட்டஸுக்கும் அப்படித்தான்.

2024இல் மோட்டானி, பையன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கேதான் மடக்கினார்கள். எலும்பு கனத்தால் சதையும் அதே கணக்கில் கனக்க வேண்டுமா என்ன? 17 மீட்டர் என்றால் 60, 70 டன், 20 மீட்டர் என்றாலும் 114 டன்னைத் தாண்டாது என்றார்கள். எனக்கு இவர்கள் கட்சிதான் சரியாகப் படுகிறது. இதற்கே அது பெரிய பிராணிதான், திரும்பவும் சொல்கிறேன், பெரிய பிராணிதான்.

அது என்ன தின்றது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: கடலடியில் கிடந்ததைப் பொறுக்கியிருக்கலாம், செத்த உடல்களைத் தின்றிருக்கலாம். மண்டையோடு கிடைக்கும்வரை இரண்டுமே ஊகம். வணக்கம்.