பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?

வணக்கம் நேயர்களே. நிரல் எழுதப் பழகுகிறவர்கள் சீக்கிரமே ஒரு கேள்வியைத் திரையில் காட்டுவார்கள்: 'தொடரலாமா? யெஸ் அல்லது நோ.' பயனர் யெஸ் என்றுதான் தட்டுகிறார். ஆனாலும் நிரல் நின்றுவிடுகிறது. முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகத் தட்டியிருப்பார், அவ்வளவுதான்.

கணினி ஒப்பிடுவது எண்களை. ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் பெரிய ஏ 65, சின்ன ஏ 97. இசட் வரைக்கும் இதே 32 வித்தியாசம்தான். உடனே 32-ஐக் கூட்டிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். ஏற்கெனவே சின்ன எழுத்தாக இருக்கும் 97, 129 ஆகிவிடும். இலக்கங்களும் நிறுத்தற்குறிகளும் குழம்பிப்போகும்.

மொழியிலேயே இதற்கு வழி இருக்கிறது. பைத்தானில் 'லோயர்', எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கும். ஆனால் அதை அழைத்தால் மட்டும் போதாது. ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர், அங்கே மாறாத பொருள்; 'லோயர்' புதிய ஒன்றைத்தான் திருப்பித் தரும். அதை மாறியில் பிடித்து வைக்காவிட்டால் பழைய மதிப்பே நிற்கும். இன்னொரு பிழை, பதிலைச் சின்ன எழுத்தாக்கிவிட்டுப் பெரிய எழுத்து யெஸ்ஸோடு ஒப்பிடுவது. அந்த நிபந்தனை ஒருநாளும் உண்மையாகாது. 'பதில் சமம் யெஸ், அல்லது ஒய்' என்று எழுதுவது இதற்கு நேர்மாறு. 'அல்லது'க்குப் பின் தனியாக நிற்கும் ஒய் காலியில்லாத ஸ்ட்ரிங் என்பதால் பைத்தான் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும்; நோ என்று தட்டினாலும் உள்ளே விட்டுவிடும். இரு பக்கமும் ஒப்பீட்டை முழுதாக எழுதுங்கள்.

இந்த மாற்றத்தை உள்ளீடு வாங்கிய வரியிலேயே, ஒரே ஒருமுறை செய்துவிடுவது நல்லது. கூடவே 'ஸ்ட்ரிப்' போட்டால் ஓரத்து வெற்றிடங்களும் போகும். பெயர் கேட்டால் மூலத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் தன் பெயர் சின்ன எழுத்தில் திரும்பி வருவது பிடிக்காது. கடவுச்சொல்லை மட்டும் தொடவே கூடாது.

ஜாவாவில் பெரிய, சின்ன எழுத்து பேதம் பார்க்காமல் ஒப்பிட 'ஈக்வல்ஸ் இக்னோர் கேஸ்' இருக்கிறது. இரட்டைச் சமக்குறி அங்கே பொருள் ஒன்றேதானா என்றுதான் பார்க்கும், உள்ளடக்கத்தை அல்ல. சி மொழியில் அதே வேலைக்கு லினக்ஸில் 'ஸ்டர்கேஸ்கம்ப்'. சமம் என்றால் அது தருவது பூஜ்யம். இது தெரியாமல் நிபந்தனையைத் தலைகீழாக எழுதுகிறவர்கள் ஏராளம்.

ஆங்கிலத்தைத் தாண்டினால் 'லோயர்' போதாது. ஜெர்மன் எஸ்ட்செட் எழுத்தையும் இரட்டை எஸ்ஸையும் சமமாக்க பைத்தானில் 'கேஸ்ஃபோல்ட்' வேண்டும். துருக்கி அமைப்பில் ஓடும் ஜாவா நிரலில் பெரிய ஐ எழுத்தைச் சின்னதாக்கினால், புள்ளியில்லாத ஐ ஆகும். எந்த நாட்டு மொழி அமைப்பையும் சாராத 'லோகேல் ரூட்' கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது.

தமிழுக்குப் பெரிய, சின்ன எழுத்துப் பேதமில்லை, ஆனால் வேறொரு பொறி இருக்கிறது. 'கொ' என்பதை, உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறியாகவும் வைக்கலாம். எகரக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், ஒப்பிட்டால் பொருந்தாது. 'லோயர்' இதைத் தீர்க்காது. பைத்தானின் 'யூனிகோட்டேட்டா' தொகுப்பில் உள்ள 'நார்மலைஸ்' கொண்டு இரு பக்கத்தையும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் சமக்குறி போட வேண்டும்.