நெய் பிஸ்கட்டும் சந்தையும்

நேயர்களுக்கு வணக்கம். பேக்கரிக் கண்ணாடி ஜாடியில் நெய் பிஸ்கட் அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் நெய் இருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

விருதுநகரில் என் பெரியப்பா பேக்கரி வைத்திருந்தார். விடியற்காலையில் அவர் நெய் ஊற்றி மாவு பிசைந்தால் மாடி வரைக்கும் மணக்கும். எதிர்வரிசையில் இன்னொரு கடை வந்தது. அங்கும் நெய் பிஸ்கட்தான், ஆனால் பிசைந்தது வனஸ்பதியில். நிறம் ஒன்று, வடிவம் ஒன்று, விலை மட்டும் பாதிக்குப் பக்கம். தின்ற பிறகு நாக்கால் அண்ணத்தைத் தடவினால் மெழுகு பூசினாற்போல் இருக்கும், அவ்வளவுதான் அடையாளம். டீயில் தோய்த்துச் சாப்பிடுகிறவருக்கு அதுவும் தெரியாது. இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தார் பெரியப்பா. ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அடுப்போரம் வனஸ்பதி டின் இருந்தது. பெரியம்மா அதைச் சாக்குப் போட்டு மூடிவைத்திருந்தார்.

பின்னாளில் மாணவர்களுக்குச் சந்தைத் தோல்வி, அதாவது சந்தையைத் தன்போக்கில் விட்டால் நல்லது நடக்காத நிலை, பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்தச் சாக்குதான் என் கண்முன் வரும். வாங்குகிறவருக்குத் தெரியாததை விற்கிறவர் அறிந்திருக்கிறார். விலையை மட்டும் பார்த்து வாங்கும்போது, நல்ல சரக்குப் போடுகிறவர்தான் முதலில் தோற்கிறார். பெரியப்பா தோற்றார்.

தாவர எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டிப்படுத்தியதுதான் வனஸ்பதி. அரைகுறையாக ஏற்றும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும், நல்லதைக் குறைக்கும். அதனால் மாரடைப்பு வந்து ஒருவர் அரசு மருத்துவமனையில் படுத்தால், அந்தச் செலவு பிஸ்கட்டின் விலையில் சேர்ந்திருக்கிறதா? இல்லை. பிஸ்கட்டே தின்னாதவரும் வரியாகக் கட்டுகிறார்.

அதனால்தான் அரசு தலையிட வேண்டும் என்கிறேன். டென்மார்க் 2003-லேயே கொழுப்பில் 2 சதவீதத்துக்கு மேல் டிரான்ஸ் கூடாது என்றது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் 3 சதவீதம், 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதம் என்று வரம்பு வைத்தது. இது தின்கிறவருக்கு மட்டுமான காவல் இல்லை. எதிர்க்கடைக்கும் அதே வரம்பு என்றால் பெரியப்பா போன்றவர் நிமிர்ந்து நிற்கலாம். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: எதிர்க்கடைக்கும் அதே வரம்பு.

சர்க்கரை, உப்பு பற்றியும் பேச நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்று மட்டும். சிலி நாட்டில் 2016 முதல் இவை மிகுந்த பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் அது புரியும். நம் பாக்கெட்டிலும் அது வர வேண்டும். வணக்கம்.