கேஷும் காசும்

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி கடைகளில் "கேஷா, கார்டா?" என்ற கேள்வி நாள்தோறும் காதில் விழுகிறது. இந்த கேஷ் நம் காசிலிருந்து பிறந்தது என்று மேடைகளில் பெருமையோடு சொல்கிறார்கள். பேரேடும் ஐந்தொகையுமாகக் கணக்கெழுதி வாழ்ந்த நகரத்தாரின் மண் இது. மொழிக் கணக்கிலும் இல்லாத வரவை எழுதக் கூடாது.

நாம் இன்று சொல்லும் கேஷுக்கு மூலம் இலத்தீனின் 'காப்சா'. பொருள், பெட்டி. இத்தாலிய வணிகர்கள் 'கஸ்ஸா' என்றார்கள். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது அது பணப்பெட்டியையும் குறித்தது, உள்ளே இருந்த பணத்தையும் குறித்தது. பிறகு பெட்டி மறைந்து பணம் மட்டும் தங்கிவிட்டது. நாமும் "இன்றைக்குக் கல்லா எவ்வளவு?" என்றால் கேட்பது பெட்டியின் அளவையா? கேப்ஸ்யூல் மாத்திரையின் பெயரும் அதே காப்சாவின் குழந்தைதான், சிறு பெட்டி.

கேஷியர் என்றால் பெட்டிக்குப் பொறுப்பானவர். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நகரத்தார், ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கி என்ற தொழிற்கூடத்தின் தரையில் ஆளுக்கொரு பெட்டியும் கணக்கு மேசையும் வைத்துத் தொழில் நடத்தினார்கள். அங்கே தொழில் பழக வந்த இளைஞனுக்குப் பெட்டியடிப் பையன் என்றே பெயர். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. (படையில் ஒருவரைப் பதவி நீக்குவதையும் ஆங்கிலத்தில் கேஷியர் என்பார்கள், அதற்கு வேர் வேறு.)

அப்படியானால் நம் காசு எங்கே போயிற்று? சோழர் கல்வெட்டுகளில் உள்ள சொல். வெண்பாவின் ஈற்றுச் சீருக்கே வாய்பாடாக நிற்கும் சொல். போர்த்துகீசியர் அதைக் கேட்டு, பெட்டியைக் குறிக்கும் தங்கள் 'கைஷா' என்ற சொல்லின் சாயலில் வழங்கினார்கள். அவர்கள் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், சிறு நாணயத்தைக் குறிக்கும் இன்னொரு கேஷ் ஆனது. ஒலி ஒன்று, பிறப்பு இரண்டு. நடுவில் சதுரத் துளையிட்ட சீனச் செப்புக்காசையும் ஆங்கிலேயர் இந்தப் பெயரால்தான் அழைத்தார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் நட்சத்திர வராகன் என்ற ஒரு பொன் நாணயம். சென்னைக்காக 1808-இல் இங்கிலாந்தில் அச்சிட்ட 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. பின்னாளில் அந்த நாணயங்களைக் கடலிலிருந்து மீட்டார்கள். அவற்றின் மீது பொறித்திருக்கும் கேஷ், ஐயமில்லாமல் நம் காசு.

நன்றி, வணக்கம்.