கொத்திவிட்டால்தான் பூச்சு நிற்கும்

எல்லோருக்கும் வணக்கம். உள்ளே நுழையும்போது ஆளுக்கொரு துண்டு செலோ டேப் கொடுத்தோம். அதை முன்கையின் உட்புறத்தில் ஒட்டி, நன்றாக அழுத்தி, ஒரே இழுப்பில் உரித்து எடுங்கள். சரி, இப்போது அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பசையின் மேல் மாவு படிந்த மாதிரி வெள்ளையாக ஏதோ தெரிகிறதா? அதை அழுக்கு என்று நினைக்காதீர்கள். அது உங்கள் தோலின் மேல்மட்ட செல்கள். அத்தனையும் செத்த செல்கள். அதனால்தான் உங்களுக்கு வலிக்கவில்லை. அதே இடத்தில் இருபது, முப்பது தடவை ஒட்டி உரித்தால் தோல் பளபளவென்று சிவந்து, உடம்பின் நீர் அந்த வழியாக வேகமாக ஆவியாகும். தோல் ஆராய்ச்சிக்கூடங்களில் இன்றும் இந்த டேப் சோதனை நடக்கிறது.

அந்தச் செத்த அடுக்கு மொத்தமே 10 முதல் 20 மைக்ரான் தடிமன்தான். நோட்டுப் புத்தகத் தாளில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. நம் உடம்பின் நீரை உள்ளே பிடித்து வைப்பதும், வெளியே இருக்கும் கிருமியைத் தடுப்பதும் பெரும்பாலும் அதுதான். தோல் செல் அடியில் பிறக்கிறது, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மேலே ஏறி வருகிறது, வரும் வழியில் தன் உட்கருவையே கரைத்துவிட்டுச் செத்துப்போகிறது. இன்னும் இரண்டு வாரம் சுவராக நின்றுவிட்டு உதிர்கிறது. சாவதற்கு முந்தைய அந்தக் கடைசி நேரத்தில் செல்லுக்குள் நொதிகள், அதாவது வேதி மாற்றங்களை நடத்திவைக்கும் புரதங்கள், செய்யும் வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்த அடுக்கைச் செங்கல், கலவை என்று சொல்வது வழக்கம். செத்த செல் செங்கல். செல்களுக்கு நடுவே இருக்கும் செராமைடு என்ற கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் கலவை. செங்கல்லை இறுக்குவது டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி. புரதத்தையும் புரதத்தையும் அது கோத்துப் பூட்டிவிட்டால், கடுமையான டிடர்ஜெண்ட் கரைசலில் போட்டுக் கொதிக்க வைத்தாலும் அந்தக் கூடு கரையாது. கலவையைப் பக்குவப்படுத்த வேறு நொதிகள் இருக்கின்றன. உதாரணமாக, சர்க்கரை ஒட்டிய செராமைடிலிருந்து சர்க்கரையை வெட்டியெடுக்க ஒரு நொதி இருக்கிறது. இவற்றை இத்தோடு விடுகிறேன். எனக்குப் பல வருடமாகத் தீராத ஆச்சரியம் வேறு ஒரு இடத்தில் இருக்கிறது.

எண்ணெய் நீரை ஒதுக்கும், புரதத்தில் ஒட்டாமல் வழுக்கும். அப்படியானால் புரதக் கூட்டின் மேல் இந்தக் கொழுப்பு எப்படி நிற்கிறது?

வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். வழவழப்பான கான்கிரீட் தூணில் நேராகப் பூச்சு வேலை செய்தால் நிற்காது. கொத்தனார் முதலில் தூணைக் கொத்திவிடுவார். அந்தக் கொத்தலில்தான் பூச்சு பிடிக்கும். நம் தோல் செல்லும் இதையேதான் செய்கிறது. செல்லைச் சுற்றி, புரதத்தோடு வேதிப் பிணைப்பால் கட்டப்பட்ட ஒற்றை அடுக்குக் கொழுப்பு ஒன்று இருக்கிறது. அது புரதத்தை விட்டு நகராது. மற்றக் கொழுப்புகள் அதன் மேல்தான் அடுக்கடுக்காகப் படிகின்றன.

இதன் கதை 1929-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரம்பிக்கிறது. ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி, எலிகளுக்குத் துளிக் கொழுப்பும் இல்லாத உணவு கொடுத்து வளர்த்தார்கள். எலிகளின் வால் செதில் செதிலாக வெடித்தது. தோல் காய்ந்தது. உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டே இருந்தது. லினோலிக் அமிலம் என்ற ஒரே ஒரு கொழுப்பு அமிலத்தைச் சிறிதளவு சேர்த்ததும் தேறிவிட்டன. அதை நம் உடம்பால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். சூரியகாந்தி எண்ணெயில் நிறைய, நல்லெண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, தேங்காய் எண்ணெயில் மிகக் கொஞ்சம்.

சரி, தோலுக்கு ஏன் அந்த ஒன்று மட்டும் வேண்டும்? இதற்குப் பதில் கிடைக்க எழுபது வருடத்துக்கு மேல் ஆனது.

1998-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆலன் பிராஷின் குழு, மனிதத் தோலில் 12ஆர்-லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதியைக் கண்டெடுத்தது. கொழுப்பு அமிலத்தில் ஆக்சிஜனைச் சேர்ப்பது இதன் வேலை. இதே குடும்பத்து நொதிகள் மனித உடம்பில் இன்னும் சில உண்டு. அவை ஆக்சிஜனை இடது கைப் பக்கம் சேர்க்கின்றன என்றால், இது ஒன்று மட்டும் வலது கைப் பக்கம். 2002-இல் இந்த நொதிக்கான மரபணுவிலும், இதன் கூட்டாளியான இலாக்ஸ்-3 நொதியின் மரபணுவிலும் பிழை இருந்த குடும்பங்கள் அடையாளம் காணப்பட்டன. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இருந்தது இக்தியோசிஸ், மீன்செதில் நோய். அப்புறம் இந்த நொதி இல்லாத எலிக்குட்டிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். பிறந்த சில மணி நேரத்திலேயே நீர் வற்றிச் செத்துவிட்டன.

நடப்பது இதுதான். சமையல் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களில் பெரும்பாலும் 16, 18 கார்பன்கள். தோலின் சிறப்புச் செராமைடில் 30-க்கும் மேல் கார்பன் கொண்ட நீளச் சங்கிலி. அதன் நுனியில் லினோலிக் அமிலம் கோக்கப்பட்டிருக்கிறது. 12ஆர்-லிப்பாக்சிஜனேஸ் அந்த நுனியில் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. இலாக்ஸ்-3 அதை மேலும் மாற்றுகிறது. இந்த மாற்றம் நடந்தால்தான் செராமைடு புரதத்தைப் பற்றிக்கொள்ளும். எண்ணெயில் காற்று பட்டு ஆக்சிஜன் ஏறினால் சிக்கு வாடை அடிக்கிறது என்று கீழே கொட்டுவோம். செல் அதே ஆக்சிஜனை, சரியான இடத்தில், சரியான பக்கத்தில், வேண்டுமென்றே ஏற்றிச் சுவர் எழுப்புகிறது. கொத்தனாரின் உளி இந்த நொதிதான்.

இந்த உளி இல்லாமல் பிறந்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உடம்பு முழுக்கப் பாலிதீன் உறை சுற்றினாற்போல மினுமினுப்பான இறுகிய படலம். கண் இமை வெளிப்பக்கம் புரண்டிருந்தது. உதடும் அப்படியே. கொலோடியன் குழந்தை என்போம். ஈரக்காற்று நிரப்பிய இன்குபேட்டரில் வைத்து, வாசலின் தடவித் தடவிக் காப்பாற்றினோம். மூன்று வாரத்தில் படலம் உரிந்தது, அடியில் செதில் தெரிந்தது. தாய் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மாசமா இருக்கும்போது நான் ஏதாவது சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டுட்டேனா டாக்டர்?" வீட்டில் நாகதோஷம் என்று சொல்லிவிட்டார்கள். புற்றுக்குப் பால் ஊற்றவில்லையாம்.

அந்தப் பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை. தாய், தகப்பன் இருவரிடமும் அந்த மரபணுவில் ஒரு நல்ல பிரதி, ஒரு பழுதான பிரதி. ஒரு நல்ல பிரதி போதும், அதனால் அவர்கள் தோலில் ஒரு குறையும் இல்லை. இரண்டு பழுதும் குழந்தையிடம் சேர்ந்துவிட்டன. கணவர் அவருக்குத் தாய்மாமன். நம் ஊரில் சொந்தத்தில் கல்யாணம் அதிகம் என்பதால், ஒரே பழுது இரு பக்கமும் இருக்கும் வாய்ப்பும் அதிகம். அடுத்த பிரசவத்தில் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதைக் கணவரையும் மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சொன்னேன். மருமகள் தலையில் மட்டும் பழி விழக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

அந்தக் குழந்தைக்கு இப்போது எட்டு வயது. செதில் வியர்வை வழியை அடைப்பதால் அவளுக்குச் சரியாக வியர்க்காது. சித்திரை வெயிலில் உடம்பு அடுப்பாகக் கொதிக்கும். போன வருடம் வகுப்பில் அவளைத் தனி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள், ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில். தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இரண்டே விஷயம். இந்த நோய் தொட்டால் ஒட்டாது, அவளை மற்றப் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள். மேசை மேல் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு ஈரத்துண்டும் வைத்துக்கொள்ள அனுமதியுங்கள்.

இப்போது இரண்டாவது பெஞ்சில், ஃபேனுக்கு நேர் கீழே உட்காருகிறாள். துண்டை அடிக்கடி நனைத்துக் கொண்டுவந்து கொடுப்பது பக்கத்தில் உட்காரும் தோழி.