தொடாத ஃபைல் எப்படி மாறிச்சு? பைத்தான்ல நேரமும் நானோ செகண்டும்

[திரையில்: கறுப்பு டெர்மினல். பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடுது. ஃபைல் பேர்கள் வரிவரியா மேல ஏறுது.]

வணக்கம். இந்த ஸ்கிரிப்ட், பைத்தான் மொழியில ஒரு சின்ன ப்ரோக்ராம், நான் எழுதினது. சில வருஷம் முன்னாடி, வேலை பார்த்த இடத்துல ராத்திரி பேக்கப்புக்காக. மூலத்துல இருக்கிற ஃபைலை எப்போ கடைசியா மாத்தினாங்கன்னு பார்க்கும். பேக்கப்ல இருக்கிற காப்பியோட நேரத்தையும் பார்க்கும். ரெண்டும் ஒண்ணுன்னா விட்டுடும். இல்லன்னா காப்பி பண்ணிட்டு, மூலத்தோட நேரத்தையே காப்பிக்கும் போட்டுடும்.

முதல் ராத்திரி எல்லாத்தையும் காப்பி பண்ணுச்சு, அது சரி. ரெண்டாவது ராத்திரியும் கிட்டத்தட்ட எல்லாத்தையும் பண்ணுச்சு. மூணாவது ராத்திரியும் அதேதான். நடுவுல ஒருத்தரும் அந்த ஃபைல்களைத் தொடல.

தப்பிச்சது ஒரு ஃபோல்டர் மட்டும். அதுல இருந்ததெல்லாம் ஜிப்ல இருந்து பிரிச்ச ஃபைல்கள். ஜிப் நேரத்தை முழு செகண்டாத்தான் வெச்சிருக்கும், புள்ளிக்குப் பின்னாடி ஒண்ணும் இருக்காது. அதைக் கவனிச்சப்போதான் எனக்குப் பிடி கிடைச்சுது. கோளாறு புள்ளிக்குப் பின்னாடி இருக்கு.

[திரையில்: 1700000000.123456789]

இந்த நம்பரைப் பாருங்க. 1970 ஜனவரி 1, யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவுல இருந்து எத்தனை செகண்ட் ஆச்சுங்கிற கணக்கு. இது 2023 நவம்பர் 15, நம்ம இந்திய நேரப்படி விடியக்காலை 3 மணி 43 நிமிஷம் 20 செகண்ட். அதுக்கு மேல 123456789 நானோ செகண்ட், ஒரு நானோ செகண்ட்னா செகண்ட்ல 100 கோடியில ஒரு பங்கு. லினக்ஸ்ல இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் இந்த 9 இலக்கத்தையும் அப்படியே வெச்சிருக்கும்.

இதே நம்பரை பைத்தான் ப்ராம்ப்ட்ல அடிச்சு என்டர் தட்டுறேன்.

[திரையில்: 1700000000.1234567]

கடைசி ரெண்டு இலக்கத்தைக் காணோம். இது காட்டும்போது சுருக்கினதுன்னு நினைக்காதீங்க. நான் அடிச்ச அந்த நேரம் உள்ளேயே இல்ல. ஏறக்குறைய 72 நானோ செகண்ட் தள்ளி இருக்கிற வேற ஒரு நேரம்தான் அங்க உட்கார்ந்திருக்கு.

காரணம் ஃப்ளோட், அதாவது புள்ளி வெச்ச எண்ணை வெச்சுக்கிற வகை. பைத்தானோட ஃப்ளோட் 64 பிட். அதுல எண்ணோட இலக்கங்களுக்குக் கிடைக்கிறது 53 பிட். நம்ம காலத்து செகண்ட் கணக்கு 170 கோடியைத் தாண்டிடுச்சு, அந்த முழு எண்ணுக்கே 31 பிட் போயிடுது. மிச்சம் 22. ஒரு செகண்டை 22 தடவை பாதி பாதியா வெட்டினா கிடைக்கிற துண்டு சுமார் 238 நானோ செகண்ட். அடுத்தடுத்த ரெண்டு ஃப்ளோட் நேரத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளி அதுதான். அதுக்கு நடுவுல எது நடந்தாலும் பக்கத்துல இருக்கிற ஒரு படிக்குத் தள்ளிடும். விறகுக் கடைத் தராசுல குண்டுமணித் தங்கத்தை நிறுக்கிற கதை. தராசு பழுதில்ல, ஆனா அது வேற வேலைக்குன்னு செஞ்சது.

என் ஸ்கிரிப்ட்ல நடந்தது இதுதான். ஒப்பிடும்போது ஃபைலைக் கடைசியா மாத்தின நேரத்தை எஸ்டி_எம்டைம்_என்எஸ் (st_mtime_ns)-ல எடுத்தேன். அது நானோ செகண்ட் இன்டிஜர், அதாவது முழு எண், துல்லியமா இருக்கும். ஆனா காப்பிக்கு நேரம் வைக்கும்போது ஓஎஸ்.யூடைம் (os.utime)-க்கு அதே நேரத்தை செகண்ட்ல சொல்ற எஸ்டி_எம்டைம் (st_mtime) கொடுத்தேன், அது ஃப்ளோட். அதனால ஒவ்வொரு ராத்திரியும் காப்பிக்கு சில பத்து நானோ செகண்ட் தள்ளின நேரத்தைப் போட்டுட்டு, மறுநாள் "அய்யோ மாறிப்போச்சே"ன்னு திரும்பக் காப்பி பண்ணிட்டு இருந்திருக்கு.

திருத்தம் ஒரே வரிதான். யூடைம்-க்கு என்எஸ்-ங்கிற பேர்ல ரெண்டு இன்டிஜர் கொடுக்கணும். இந்த வசதி பைத்தான் 3.3, அதாவது 2012-லயே வந்துடுச்சு. பைத்தானோடயே வர்ற ஷட்டில் (shutil) மாட்யூல்ல இருக்கிற காப்பி2-வை நான் பயன்படுத்தியிருந்தா இந்த வம்பே இல்ல, அது உள்ளுக்குள்ள நானோ செகண்டைத்தான் கொண்டுபோகுது.

இந்த 3.3-க்குப் பின்னாடி ஒரு விவாதம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச விவாதம். பைத்தானோட முக்கிய டெவலப்பர்ல ஒருத்தர் விக்டர் ஸ்டின்னர். நேரத்தை டெசிமல் வகையில (பத்தடிமான இலக்கங்களை அப்படியே வெச்சுக்கிற எண் வகை) திருப்பிக் கொடுக்கலாம்னு 2012-ல பெப் 410 எழுதினார், பெப்-ங்கிறது பைத்தானை மாத்தறதுக்கான முன்மொழிவு. அது நிராகரிக்கப்பட்டுச்சு. அவர் விடல. 2017-ல பெப் 564 எழுதினார், அது ஏத்துக்கப்பட்டு 2018-ல 3.7-ல இப்போதைய நேரத்தை நானோ செகண்ட்ல கொடுக்கிற டைம்_என்எஸ் ஃபங்ஷன் வந்துச்சு. புது டைப் எதுவும் இல்ல, சாதாரண இன்டிஜர். அதுல அவர் காட்டின ஒரு கணக்கு: செகண்டை ஃப்ளோட்ல எண்ணினா, ஆரம்பப் புள்ளியில இருந்து 104 நாள் தாண்டினதுமே நானோ செகண்ட் நழுவ ஆரம்பிச்சிடும். 1970-ல இருந்து எண்ணுற நமக்கு அது எப்பவோ நழுவிடுச்சு. பைத்தான் இன்டிஜருக்கு மேல்வரம்பு கிடையாது, அதனால இந்தத் தொல்லை அதுக்கு இல்ல.

இங்க ஒண்ணு சொல்லிடறேன். 9 இலக்கம் தெரியுதுன்னா கடிகாரம் 9 இலக்கத்துக்கு ஓடுதுன்னு அர்த்தம் இல்ல. விண்டோஸ்ல பைத்தான் 3.12 வரைக்கும், இப்போதைய நேரத்தைச் சொல்ற டைம்.டைம்-க்குப் பின்னாடி இருந்த கடிகாரம் 15.6 மில்லி செகண்டுக்கு ஒரு தடவைதான் நகரும். 3.13-லதான் அது மைக்ரோ செகண்ட் அளவுக்கு வந்துச்சு. உங்க மெஷின்ல எப்படின்னு டைம் மாட்யூல்ல கெட்_க்ளாக்_இன்ஃபோ சொல்லிடும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அளக்கணும்னா இந்தக் கடிகாரத்தையே தொடாதீங்க. நேரத்தைத் திருத்தும்போது இது பின்னாடி போகலாம். அதுக்குப் பின்னாடி போகாத மோனோடானிக், பெர்ஃப்_கவுன்டர் இருக்கு.

[திரையில்: டேட்டைம் ஆப்ஜெக்ட். வருஷம், மாசம், நாள், மணி, நிமிஷம், செகண்ட், மைக்ரோ செகண்ட்னு ஏழு பெட்டி.]

இப்ப டேட்டைம், பைத்தான்ல தேதியையும் நேரத்தையும் சேர்த்து வெச்சுக்கிற வகை. நாம தினமும் புழங்குறது இதுதான். கடைசிப் பெட்டி மைக்ரோ செகண்ட் (1000 நானோ செகண்ட்), நானோ செகண்டுக்கு இதுல இடமே இல்ல. ஆக, டைம்_என்எஸ்-ல இருந்து டேட்டைமுக்குப் போகும்போது 3 இலக்கத்தை வெட்டியே ஆகணும். எப்படி வெட்டுறோம்ங்கறதுலதான் சூட்சுமம்.

நிறைய பேர் நானோ செகண்டை 100 கோடியால வகுத்து, செகண்ட் கணக்கை டேட்டைமா மாத்துற ஃப்ரம்டைம்ஸ்டாம்ப்-க்குக் கொடுப்பாங்க. வகுத்த உடனே அது மறுபடியும் ஃப்ளோட். அதோட ஃப்ரம்டைம்ஸ்டாம்ப் வெட்டாது, பக்கத்து மைக்ரோ செகண்டுக்கு முழுமையாக்கும். ராத்திரி 11 மணி 59 நிமிஷம் 59.9999996 செகண்டுக்கு வந்த ஆர்டர், மறுநாள் 0 மணிக் கணக்குல விழுந்துடும். நான் ஈவையும் மிச்சத்தையும் முழு எண்ணாவே கொடுக்கிற டிவ்மாட் போட்டு செகண்டைத் தனியா, மிச்சத்தைத் தனியா எடுப்பேன். மிச்சத்தை ரெண்டு சாய்கோடு (//, முழு எண் வகுத்தல்) போட்டு 1000-ஆல வகுத்து, மைக்ரோ செகண்ட் பெட்டியில வைப்பேன். ஃப்ளோட் நடுவுல வரவே வராது.

அடுத்தது, என்னை ஒரு வாரம் அலைய விட்ட விஷயம். நேரத்தை லாக்ல (ப்ரோக்ராமோட பதிவு ஃபைல்), டேட்டைமை எழுத்தா மாத்துற ஐசோஃபார்மட்ல எழுதுறோம். இன்னொரு ப்ரோக்ராம் ஸ்ட்ரிப்டைம் (strptime)-ல அதைப் படிக்குது, புள்ளிக்கு அப்புறம் மைக்ரோ செகண்ட் இருக்கும்னு ஃபார்மட் கொடுத்திருக்கோம். நாள் முழுக்க நல்லா ஓடும். திடீர்னு ஒரே ஒரு வரியில விழுந்துடும்.

[திரையில் மேலும் கீழுமா ரெண்டு வரி:
2024-03-08 10:15:42.000001
2024-03-08 10:15:42]

கீழ் வரியில புள்ளியே இல்ல. மைக்ரோ செகண்ட் சரியா 0-ன்னா ஐசோஃபார்மட் அந்தப் பகுதியையே விட்டுடும். 10 லட்சத்துல ஒரு தடவை நடக்கும். ஒரு நாளைக்கு 10 லட்சம் வரி எழுதுற சர்வர்ல, சராசரியா நாளுக்கு ஒரு தடவை. திரும்ப ஓட்டிப் பார்த்தா மாட்டாது, ஏன்னா புதுசா வர்ற வரியில மைக்ரோ செகண்ட் வேற. இதுக்கு 3.6-ல ஐசோஃபார்மட்டுக்கு டைம்ஸ்பெக்-ங்கிற ஆப்ஷன் வந்துச்சு. அதுல மைக்ரோசெகண்ட்ஸ்னு கொடுத்தா 0-ஆ இருந்தாலும் 6 இலக்கமும் எழுதும். தயவுசெஞ்சு இன்னைக்கே உங்க லாக் கோடைத் திறந்து பாருங்க.

படிக்கிற பக்கம், அந்த எழுத்தைத் திரும்ப டேட்டைமா மாத்துற ஃப்ரம்ஐசோஃபார்மட் இருந்தா, 3.11-க்கு முன்னாடி அது கண்டிப்பு ஜாஸ்தி. கடைசியில யூடிசியைக் குறிக்கிற இசட் (Z) எழுத்து வந்தா ஏத்துக்காது, புள்ளிக்குப் பின்னாடி 3 அல்லது 6 இலக்கம்தான் வேணும். 3.11-ல இருந்து 9 இலக்கம் வந்தாலும் வாங்கிக்கும். ஆனா கடைசி 3 இலக்கத்தை சத்தமில்லாம வெட்டிடும்.

டேட்டாபேஸ்லயும் இதே வெட்டுதான். போஸ்ட்கிரெஸ் மைக்ரோ செகண்ட் வரை வெச்சுக்கும், டேட்டைமோட ஒத்துப்போகும். மைஎஸ்க்யூஎல்-ல டேட்டைம் பத்தியை (column) வெறுமனே உருவாக்கினா செகண்டோட பின்னமே இருக்காது. அதோட அது வெட்டாம முழுமையாக்குது. ராத்திரி 11:59:59.7 உள்ள போனா மறுநாள் 00:00:00 வெளிய வரும். பத்தியை உருவாக்கும்போது டேட்டைமுக்குப் பக்கத்துல அடைப்புக்குள்ள 6 போடணும்.

நுண்மையை எவ்வளவு காப்பாத்தினாலும், எந்த ஊர் நேரம்னு சொல்லாத டேட்டைம் அரைகுறைதான். பெரும்பாலும் இந்தியாவுக்கு யூடிசியை விட 5:30 மணி நேரம் முன்னாடின்னு போட்டாலே போதும்னு நினைக்கிறோம். கொழும்பைப் பாருங்க. இலங்கை 1996 மே மாசம் கடிகாரத்தை 6:30-க்கு மாத்துச்சு, அதே வருஷம் அக்டோபர்ல 6:00, அப்புறம் 2006 ஏப்ரல்ல மறுபடி 5:30. சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், ஏப்ரல் 15, நள்ளிரவு 12:30-க்கு வந்த கடிகாரம் திரும்ப 12:00-க்குப் போச்சு. அந்த அரை மணி நேரம் ரெண்டு தடவை வந்துச்சு. அன்னைக்கு 12:15-ன்னு ஒரு பதிவு இருந்தா அது எந்த 12:15? டேட்டைம்ல ஃபோல்டுன்னு ஒரு சின்ன பிட் இருக்கு, 0-ன்னா முதல் தடவை, 1-ன்னா ரெண்டாவது. ஊர் நேரங்களுக்காக 3.9-ல வந்த ஸோன்இன்ஃபோவுக்கு ஆசியா/கொழும்புன்னு கொடுத்தா இந்த மாற்றம் எல்லாம் அதுக்குத் தெரியும்.

[திரையில்: டெஸ்ட் ஃபைல். மூணு நேரம் மட்டும்.]

நேரத்தைத் தொடுற எந்தக் கோடுக்கும் இப்ப நான் எழுதுற டெஸ்ட்ல இந்த மூணும் இருக்கும். ஒண்ணு, மைக்ரோ செகண்ட் 0-ஆ இருக்கிற நேரம். ரெண்டு, ராத்திரி 11:59:59.9999996, நானோ செகண்ட் இன்டிஜரா. மூணு, கொழும்பு, 2006 ஏப்ரல் 15, 00:15, ஃபோல்டு 0-க்கு ஒண்ணு, 1-க்கு ஒண்ணு. உள்ள அனுப்பினது அதே நேரமா வெளிய வரணும், இல்ல நான் வெட்டச் சொன்ன இடத்துல மட்டும் வெட்டியிருக்கணும்.

[திரையில்: திருத்தின பேக்கப் ஸ்கிரிப்ட். முதல் ஓட்டத்துல ஃபைல் பேர்கள் ஓடுது. ரெண்டாவது ஓட்டத்துல ஒரு வரிகூட இல்ல, கர்சர் மட்டும் மினுக்குது.]